ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் செல்போன் பார்த்தால்?

கேள்வி: மேலாண்மைப் பாடத்தை மாணவர்களையே எடுக்கச் சொல்கிறேன். ஒருவர் ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறார், மற்றவர்கள் செல்போனில் மூழ்கிவிடுகிறார்கள். வழி உண்டா?

பதில்: காது கொடுக்காதவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கோளாறு அங்கேதான். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்காக உருவாக்கிய 'ஜிக்சா' முறை அந்த ஓட்டையை அடைக்கும். 30 பேர் என்றால் ஐவர் கொண்ட 6 குழுக்கள். ஒரு நிறுவனத்தின் கேஸை, அதாவது அலசுவதற்கான அதன் நிலவரக் குறிப்பை, சந்தை, நிதி, உற்பத்தி, பணியாளர், சட்டம் என வெட்டி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். முழு நகல் யாரிடமாவது சிக்கினால் முறையே படுத்துவிடும். ஒரே துண்டு வைத்திருக்கும் ஆறு பேர் 15 நிமிடம் கூடிப் பேசி, எதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்யட்டும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 4 நிமிடம் தன் துண்டைச் சொல்லித்தரட்டும். கடைசி 10 நிமிடம் ஐந்து துண்டுகளிலிருந்தும் தனித்தேர்வு. இடம் மாறவே 5 நிமிடம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒருவர் வராவிட்டால் அந்தக் குழுவுக்கு ஒரு துண்டு குறையும். அவர்களைப் பக்கத்துக் குழுவோடு உட்கார வைக்கலாம்.

கேள்வி: 'பிரேக் ஈவன்' (லாபமும் நஷ்டமும் இல்லாத விற்பனை அளவு) பாடத்தை இப்படிப் பிரித்தேன். குழப்பமே மிஞ்சியது. ஏன்?

பதில்: பங்களிப்பு, அதாவது ஓர் அலகின் விலையிலிருந்து அதற்கு ஆகும் மாறும் செலவைக் கழித்த மீதி, புரியாதவருக்கு பிரேக் ஈவன் புரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாடத்தை ஜிக்சாவில் வெட்டக் கூடாது. இதற்கு ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூரின் முறைதான் சரி. ஒரு கேள்வி போடுங்கள்: நிலையான செலவு (எத்தனை விற்றாலும் மாறாதது) 60,000, ஓர் அலகின் விலை 50, மாறும் செலவு 30. எத்தனை அலகு விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை? 60,000-ஐ விலையால் வகுத்து 1,200 என்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 50-லிருந்து 30-ஐக் கழித்த 20-ஆல் வகுத்தால்தான் 3,000 வரும். 1,200, 2,000, 3,000 மூன்றையும் விடைகளாகக் கொடுத்து, அட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சரியான விடை காட்டியவர்கள் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை சொன்னவரோடு 3 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். அதற்குக் கீழே என்றால் நீங்களே திரும்ப விளக்குங்கள். பேசவிட்டால் தப்புதான் பரவும். முதல் வாக்கின் எண்ணிக்கையை மட்டும் வெளியே சொல்லாதீர்கள், கூட்டம் போகும் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள்.

கேள்வி: குழு வேலையில் உழைக்காதவருக்கும் அதே மதிப்பெண்ணா?

பதில்: தேர்வை முதலில் தனியாக எழுதட்டும். உடனே அதே வினாத்தாளைக் குழுவாக. இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடுங்கள்.