வல்லான் மட்டும் வகுத்த வாய்க்காலா?

கேள்வி: எல்லைத் தகராறுகளைப் பேசித் தீர்க்க முடியும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படை கையில் இருக்கும்போது எந்தப் பேரரசாவது பேச உட்கார்ந்ததுண்டா? வல்லான் வகுத்ததே வாய்க்கால். பேச்சுவார்த்தை என்பது தோற்றவன் மானத்தை மறைக்கப் போர்த்திக்கொள்ளும் துணி. இல்லை என்றால் ஒரே ஓர் உதாரணம் காட்டுங்கள்.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: ஒன்று கேட்டீர்கள், ஒன்றே தருகிறேன். ஆண்டு 1689. இடம், சைபீரியாவின் கிழக்கே நெர்சின்ஸ்க் என்ற மரக்கோட்டை. கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்து, ரஷ்யாவும் சீனாவை ஆண்ட மஞ்சுக்களின் சிங் பேரரசும் அமூர் ஆற்றுப் படுகை யாருக்கு என்று பேசின. இரண்டும் தோற்றுப்போன அரசுகள் அல்ல. இரண்டுமே வளர்ந்துகொண்டிருந்த பேரரசுகள்.

வாள் இல்லாமல் பேசினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1685இல், அமூர் கரையில் ரஷ்யர்கள் கட்டியிருந்த அல்பாசின் கோட்டையை சிங் படை பிடித்தது. உள்ளே இருந்தவர்களை உயிரோடு நெர்சின்ஸ்குக்குப் போகவிட்டு, கோட்டையை இடித்துவிட்டுத் திரும்பியது. ஆனால் வயலில் நின்ற பயிரை அழிக்கவில்லை. சில மாதங்களில் ரஷ்யர்கள் திரும்பி வந்தார்கள், கதிரை அறுத்தார்கள், முன்னைவிட உறுதியாகக் கோட்டையைக் கட்டினார்கள். 1686இல் இரண்டாம் முற்றுகை. ரஷ்யத் தளபதி தோல்புசின் தொடக்கத்திலேயே மாண்டார். உள்ளே இருந்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை நோயும் பசியும் தின்றன. கடைசியில் நூறு பேர்கூட மிஞ்சவில்லை.

உங்கள் பழமொழி முழு உண்மை என்றால் சிங் பேரரசர் காங்ஷி அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்னும் சில வாரம் காத்திருப்பது. அவர் அதைச் செய்யவில்லை. எல்லை குறித்துப் பேச மாஸ்கோவிலிருந்து பெரிய தூதர் ஒருவர் வருகிறார் என்ற செய்தியோடு ஆட்கள் பீஜிங் வந்து சேர்ந்ததும், முற்றுகையைத் தளர்த்த உத்தரவிட்டார். வெல்லப்போகிறவன் கையை நிறுத்திய இடம் அது. ஏன் நிறுத்தினார் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

காங்ஷிக்கு அல்பாசினைவிடப் பெரிய கவலை மேற்கே இருந்தது. சுங்கார் மங்கோலியர்களின் தலைவன் கால்டான் வளர்ந்துகொண்டிருந்தான். 1688இல் அவன் கல்கா மங்கோலியர்களைத் தாக்கிச் சிதறடித்தான். அவர்கள் சிங் எல்லைக்குள் அடைக்கலம் தேடி ஓடிவந்தார்கள். கால்டானும் ரஷ்யர்களும் கைகோத்துவிட்டால் என்ன ஆகும்? நூறு பேர் கிடக்கும் ஒரு கோட்டையைப் பிடிப்பதைவிட அந்தக் கூட்டணியைத் தடுப்பது முக்கியம் என்று அவர் கணக்குப் போட்டார். ரஷ்யாவின் பக்கமும் நெருக்கடிதான். 1687இலும் 1689இலும் கிரிமியா மீது எடுத்த படையெடுப்புகள் வீணாயின. தூரக் கிழக்குக்கு அனுப்ப ஆளும் இல்லை, உணவும் இல்லை. ஆனால் சைபீரியாவின் மென்மயிர்த் தோலைச் சீனாவில் விற்கும் வாய்ப்பை விட மாஸ்கோ தயாராக இல்லை.

ரஷ்யத் தூதர் ஃபியோதர் கோலொவின் 1686 ஜனவரியில் மாஸ்கோவிலிருந்து கிளம்பினார். எதிர்த்தரப்பின் முகத்தை அவர் பார்த்தது 1689 ஆகஸ்டில். மூன்றரை ஆண்டு! இடையில் ஒரு சந்தேகம் வந்து மாஸ்கோவுக்கு எழுதிக் கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு வருடம் போய்விடும். ஆகவே எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்பது படிப்படியாக முன்பே அவரிடம் சொல்லி அனுப்பப்பட்டிருந்தது. முதலில் அமூர் ஆறே எல்லை என்று கேள், முடியாவிட்டால் இறங்கு, வாணிபம் கிடைக்குமென்றால் கடைசியில் அல்பாசினையும் விட்டுக்கொடுக்கலாம். காங்ஷியும் அப்படியே. 1688இல் நெர்சின்ஸ்க் உட்பட எல்லாம் தமக்கே என்று சொன்னவர், கால்டான் பாய்ந்த பிறகு தம் தூதர் சோங்கோட்டுவிடம் வேறு சொல்லி அனுப்பினார்: நெர்சின்ஸ்க்கைக் கேட்டுத் தொடங்குங்கள், அவர்கள் விடவே மாட்டார்கள் என்றால் அர்குன் ஆற்றை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் மேசையில் அமர்ந்த பிறகு யோசிப்பதில்லை ஐயா. எதை விடலாம் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் வாசற்படி தாண்டுகிறான். அந்த முடிவை எடுக்கத் துணிவு வேண்டும். தோற்றவனின் போர்வை என்று அதை நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மரியாதை விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் அதில்தான் பல பேச்சுகள் உடைந்தன. 1676இல் ரஷ்யத் தூதராக பீஜிங் போன ஸ்பஃபாரி, பேரரசர் முன் எப்படி வணங்குவது என்பது உள்ளிட்ட சச்சரவுகளில் சிக்கி வெறுங்கையோடு திரும்பினார். நெர்சின்ஸ்கில் அந்தத் தவறு நடக்கவில்லை. தலைநகரிலிருந்து வெகுதூரத்தில், எதிரெதிரே கூடாரங்கள். இரு தரப்பிலும் சமமான எண்ணிக்கையில் காவலர்கள். மொழி? ரஷ்ய மொழியும் இல்லை, மஞ்சு மொழியும் இல்லை. லத்தீன்! சிங் தரப்பில் தோமாஸ் பெரைரா என்ற போர்ச்சுகீசியரும் ழான் ஃபிரான்சுவா ஜெர்பியோன் என்ற பிரெஞ்சுக்காரரும் மொழிபெயர்த்தார்கள், இருவரும் இயேசு சபைத் துறவிகள். ரஷ்யத் தரப்பில் பெலபோத்ஸ்கி என்ற போலந்துக்காரர். உடன்படிக்கையின் மூலப் பிரதியே லத்தீனில்தான் எழுதி முத்திரை வைக்கப்பட்டது. இருவருக்குமே சொந்தமல்லாத மொழி என்பதால் அதில் எழுதினால் இருவரில் எவருக்கும் தாழ்வில்லை.

இரண்டு நாள் நேருக்கு நேர் பேச்சுக்குப் பிறகு எல்லாம் முறிந்தது. சிங் படை ஆற்றைக் கடந்து நெர்சின்ஸ்க்கைச் சூழ்ந்தது. சுற்றியிருந்த பழங்குடிகளில் ஒரு பகுதியினர் ரஷ்யர்களை விட்டு விலகத் தொடங்கினார்கள். கோலொவினிடம் இருந்த ஆட்களைப்போல எதிரே பல மடங்கு. "பார்த்தீர்களா, வல்லான்!" என்று இங்கே நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், அந்த நெருக்குதல் உண்மைதான். அதன் பிறகுதான் கோலொவின் அல்பாசினை விட்டார். ஆனால் சூழ்ந்து நின்ற படை கோட்டைக்குள் நுழையவில்லையே. பல மடங்கு ஆள் வைத்திருந்த சோங்கோட்டு நெர்சின்ஸ்க்கை ரஷ்யாவுக்கு விட்டார். பைக்காலுக்கு கிழக்கே இருந்த பெரும் பரப்பையும் விட்டார். இரு நாட்டு மக்களும் கடவுச்சீட்டோடு எல்லை தாண்டி வாணிபம் செய்யலாம் என்று எழுதித் தந்தார். அர்குன் ஆறு, கோர்பித்ஸா ஆறு, அதற்கப்பால் ஸ்டானவாய் மலைத்தொடர்: இதுவே எல்லை என்று 1689 செப்டம்பர் 7இல் கையெழுத்தானது. அல்பாசின் இடிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அவர்கள் தீர்க்காமல் விட்ட இடம். உதா ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் நடுவிலுள்ள நிலத்தைப் பற்றி ஒத்துப்போக முடியவில்லை. அதற்காக மீதி எல்லாவற்றையும் கிழித்துப் போடவில்லை. அந்தத் துண்டு பிறகு பேசப்படும் என்று எழுதிவிட்டு முடித்தார்கள்.

இந்த உடன்படிக்கையை நான் குறையில்லாதது என்று கொண்டாட மாட்டேன். கூடாரத்துக்குள் அமூர்ப் பகுதியின் பழங்குடிகளில் ஒரு தாவூரும் இல்லை, ஓர் எவெங்கியும் இல்லை. நிலம் அவர்களுடையது. 1650களில் ரஷ்யப் படைத்தலைவர் கபரோவ் அமூருக்கு வந்தபோது ஒரே தாவூர் ஊரில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகத் தன் அறிக்கையிலேயே எழுதினார். அதற்குப் பிறகு சிங் அரசு, ரஷ்யர்களுக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று அமூர் கரை மக்களைத் தெற்கே நெடுந்தூரம் குடிபெயர்த்தது. எவெங்கித் தலைவர் காந்திமூர் தம் ஆட்களோடு ரஷ்யப் பக்கம் சேர்ந்ததால், அவரைத் திருப்பித் தர வேண்டும் என்று பீஜிங் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனை அளவுகல்லைப்போலப் பேரம் பேசினார்கள். பழைய ஆட்கள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், இனி ஓடிவருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முடிவானது. எந்த ஆற்றைத் தாண்டி மான் வேட்டைக்குப் போனாலும் குற்றம் என்ற சட்டம், அந்த ஆற்றோரத்தில் பிறந்தவனைக் கேட்காமலே எழுதப்பட்டது. இது எனக்குப் பெரிய வேதனை. பேசித் தீர்க்கலாம் என்று சொல்லும் என்னைப் போன்றவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய குறையும் இதுதான்.

இப்போது உங்கள் பழமொழியின் முறை. நெர்சின்ஸ்கில் வகுத்த எல்லை 1858 வரை, 169 ஆண்டு நின்றது. 1858இல் அது மாறியது நீங்கள் சொல்லும் வழியில்தான். தைப்பிங் கிளர்ச்சியும் பிரிட்டன், பிரான்ஸ் படைகளும் சிங் அரசை நொறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ரஷ்ய ஆளுநர் முராவியோவ் அமூர் கரையிலுள்ள ஐகுன் என்ற ஊரில் மிரட்டி அமூரின் வடகரையை எழுதி வாங்கினார். 1860இல் உசூரி ஆற்றின் கிழக்கும் போயிற்று. உதா நிலத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அது வல்லான் வகுத்த வாய்க்கால், சந்தேகமே இல்லை. அது எத்தனை நாள் அமைதியாக ஓடியது? 1969 மார்ச்சில், உசூரி ஆற்றுக்கு நடுவே சீனர்கள் ஜென்பாவ் என்றும் ரஷ்யர்கள் தமான்ஸ்கி என்றும் அழைக்கும் சின்னத் தீவில், அணுகுண்டு வைத்திருந்த இரண்டு நாடுகளின் வீரர்கள் பனியில் சுட்டுக்கொண்டு செத்தார்கள்.

அதையும் கடைசியில் துப்பாக்கி தீர்க்கவில்லை. 1991இல் ஒரு ஒப்பந்தம், 2004இல் இன்னொன்று, 2008இல் நிலம் கைமாறியது. அமூரும் உசூரியும் கூடும் இடத்திலுள்ள தீவுகளில் தரபரோவ் முழுவதும், போல்ஷோய் உசூரிஸ்கியில் பாதியும் சீனாவுக்குப் போயின. அந்தத் தீவுக்கு எதிரே நிற்கும் ரஷ்ய நகரத்துக்குப் பெயர் கபரோவ்ஸ்க், அந்தக் கபரோவின் பெயர்தான். அதன் கண்ணெதிரே தீவைப் பாதியாகப் பிரித்து நிற்கும் எல்லைக்கல்லை நட்டது படை அல்ல, நாற்பதாண்டு பேச்சு.