அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாரிசுச் சான்றிதழ்

கேள்வி: அம்பத்தூரில் 48 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறோம். விற்பவரின் அப்பா வாங்கியது. அவர் இப்போது இல்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. உடனே 5 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார் புரோக்கர். எங்களுக்கு இதுதான் முதல் வீடு. கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: இப்போது கொடுக்காதீர்கள், சகோதரி. வேறு ஆள் வாங்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

'அவர் இப்போது இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். ஒருவர் இறந்துவிட்டார் என்பதும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அதில் தெரியாது. அது இந்துக் குடும்பமாக இருந்து, அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. விற்கிற மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவர் பங்குதான் உங்களுக்கு வரும். கட்டிக்கொடுத்த மகள் பிறகு வந்து பங்கு கேட்டால், தவணை கட்டிக்கொண்டே கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். எத்தனையோ குடும்பங்கள் இதில்தான் சிக்குகின்றன.

அதனால் இறப்புச் சான்றிதழையும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழையும் முதலில் கேளுங்கள். அதில் இருக்கிற எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மகனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். யாராவது தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குப் பவர் கொடுத்திருப்பதாகச் சொன்னால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்தால் பவரும் செல்லாது. அப்பா பெயரில் உள்ள மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்றால், அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம். இதையெல்லாம் பார்க்க, புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள்.

அப்புறம் பணம். இந்த விலைக்கு வங்கி 80 சதவீதத்துக்கு மேல் தராது. 9.6 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், இன்னொரு 4.3 லட்சம். அதற்கும் வங்கிக் கடன் கிடைக்காது. நகையை வைத்துச் சமாளிக்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள்.

ரொக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு லட்சத்துக்குக் காசோலை கொடுங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ, பத்திரத்தில் குறை தெரிந்தாலோ பணம் திரும்ப வரும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, அதைப் பதிவும் செய்துவிடுங்கள்.