மிரர் லென்ஸும் திரைப்பட ஒளிப்பதிவும்: கேள்வி பதில்

‘கண்ணாடி லென்ஸ்’ என்று எழுதினால் எல்லா லென்ஸும் கண்ணாடிதானே என்று யாராவது கேட்பார்கள் என்பதால், தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்ட, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடிகளை உள்ளே வைத்துச் செய்த லென்ஸை இங்கே மிரர் லென்ஸ் என்றே குறிப்பிடுகிறேன்.

500 மி.மீ. மிரர் லென்ஸ் மட்டும் எப்படி இவ்வளவு குட்டையாக இருக்கிறது?

உள்ளே ஒளியை இரண்டு முறை மடிப்பதால்தான். முன்பக்கக் கண்ணாடியைக் கடந்து வரும் ஒளி, பின்னாலுள்ள குழியாடியில் பட்டு முன்னோக்கித் திரும்பி, நடுவிலுள்ள சிறிய ஆடியில் மறுபடியும் பட்டு, பெரிய ஆடியின் நடுத்துளை வழியாகக் கேமராவை அடைகிறது. பழைய சோவியத் எம்.டி.ஓ. லென்ஸ்கள் டிமித்ரி மக்சுடோவ் 1941இல் கண்ட அமைப்பைப் பின்பற்றியவை. ஆடி நிறங்களைப் பிரிப்பதில்லை. ஆகவே நீண்ட லென்ஸ்களில் உருவத்தின் ஓரத்தில் தெரியும் ஊதா, பச்சைக் கோடுகள் இதில் ஏறக்குறைய இல்லை.

எஃப் 8 என்று நம்பி மீட்டர்படி எடுத்தால் காட்சி இருண்டு வருகிறது. லென்ஸில் குறையா?

குறை இல்லை. எஃப் எண் என்பது குவியத் தூரத்தை முன்வாயின் விட்டத்தால் வகுத்து வருவது; நடு ஆடி மறைக்கும் பரப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஆடி முன்வாயின் விட்டத்தில் பாதி என்றால் கால் பங்கு ஒளி அங்கேயே நின்றுவிடும். இரண்டு ஆடிகளும் கண்ணாடிகளும் இன்னும் கொஞ்சம் விழுங்கும். ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் ஒரு படி) குறைந்து, உண்மையில் கடந்துவரும் ஒளியைச் சொல்லும் டி எண்ணில் டி 11 ஆகிவிடும். சோதித்துப் பார்த்து, கிடைத்த எண்ணை லென்ஸின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒளித்துளையைச் சுருக்கி ஸ்டாப்பை மூடும் வளையமே இல்லையே, உச்சி வெயிலில் என்ன செய்வது?

ஐ.எஸ்.ஓ. 800இல், நொடிக்கு 24 ஃப்ரேம், 180 பாகை ஷட்டர் என்று வைத்தால், டி 11இல் சுமார் ஐந்து ஸ்டாப் ஒளி மிகுந்துவிடும், ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிற ஃபில்டரான என்.டி.யில் 1.5 அதைச் சரிக்கட்டும். கேமராவுக்குள்ளேயே என்.டி. இருந்தால் அதுவே சிறந்தது. பல மிரர் லென்ஸ்களில் பின்பக்க ஃபில்டரும் லென்ஸ் கணக்கில் சேர்ந்தது; என்.டி. வேண்டாதபோது அந்த இடத்தைக் காலியாக விடாமல் நிறமற்ற ஃபில்டரை வைக்க வேண்டும்.

பின்னணியில் வட்டம் வட்டமாக வருகிறது. இதைப் போக்க வழி உண்டா?

இல்லை. நடுவில் ஆடி அடைத்திருப்பதால், ஃபோகஸுக்கு வெளியேயுள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் உளுந்து வடை வடிவத்தில்தான் விழும். புகைப்படக்காரருக்கு இது ஒரு நொடிச் சங்கடம். நமக்கோ இலை அசைய அசைய வடைகளும் அசைகின்றன, ஃபோகஸை நகர்த்தினால் அவை விரிந்து சுருங்குகின்றன, பார்வையாளரின் கண் நடிகரை விட்டு அங்கே போய்விடுகிறது. வெயில் மினுக்கும் நீர், ஈர இலைகள், கம்பிவேலி, காய்ந்த புல் ஆகியவை மோசமான பின்னணிகள். புல்லும் கம்பியும் இரட்டைக் கோடுகளாகப் பிளந்து தெரியும். வெறும் வானம், நிழல் விழுந்த சுவர், தூரத்துப் புகைமூட்டம் என்றால் எந்த லென்ஸில் எடுத்தது என்றே தெரியாது. ஆகவே நான் முதலில் பார்ப்பது பின்னணியைத்தான். அது ஒத்துவரவில்லையென்றால் வாடகை கொடுத்தாவது சாதாரண டெலி லென்ஸை வரவழைப்பேன். ஒரே காட்சியில் இரண்டையும் கலந்தால் வெட்டும் இடத்தில் பின்னணியின் தன்மை மாறுவது பளிச்சென்று தெரியும். கனவோ மயக்கமோ சொல்ல வேண்டிய இடத்தில் அந்த வடைகளையே வேண்டி வரவழைப்பதில் தவறில்லை.

ஃபோகஸ் புல்லராக (படப்பிடிப்பில் ஃபோகஸைப் பார்த்துக்கொள்பவராக) இருக்கிறேன். 30 மீட்டரில் நடிகர் நடந்து வருகிறார், பிடிக்க முடியுமா?

சூப்பர் 35 என்ற சினிமா சென்சார் அளவில் 500 மி.மீ., எஃப் 8 என்றால் அந்தத் தூரத்தில் உங்களுக்குக் கிடைக்கும், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர், இரண்டு எட்டு. பிடிக்கலாம். ஆனால் இந்த லென்ஸின் வளையம் முடிவிலிக் குறியையும் தாண்டிச் சுழலும். வெப்பத்தால் உலோகக் குழாய் நீள்வதை ஈடுகட்டவே அப்படி வைத்திருக்கிறார்கள். காலையில் ஒட்டிய குறிகளை மதியம் நம்ப வேண்டாம். மாறுபாடு குறைவான படம் என்பதால், தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங்கும் ஏமாற்றும். மானிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்கினாலும் ஆடுகிறது.

எடை குறைவாக இருப்பதே காரணம். லென்ஸையும் கேமராவையும் ஒரே தகட்டில் இரண்டு இடங்களில் தாங்கி, டிரைபாடில் மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து எழும் கானல் நெளிவுக்கு மட்டும் மருந்து இல்லை, விடியற்காலையில் எடுங்கள்.

பழையதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஆடியில் பூஞ்சையும் பூச்சு உரிதலும் இல்லையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு இரவில் தொலைவிலுள்ள ஒரு விளக்கை ஃப்ரேமின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்றே கலையுங்கள். வளையத்தின் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் ஆடிகள் நேர்கோட்டில் இல்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.