வாசகர் கேள்வி: விடுதியோடு முடிந்துவிட்டதா ஐக்கியம்?

கேள்வி: தாம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில், இரவு உணவுக்குப் பின் நண்பர்களோடு வேதம் வாசித்து ஜெபிப்பது என் வழக்கமாக இருந்தது. இப்போது வியாசர்பாடியில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, மணலியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். ஷிப்ட் காரணமாகப் பல ஞாயிறுகள் ஆராதனைக்குப் போக முடிவதில்லை. போனாலும் என் வயதில் பேச ஆள் இல்லை. பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டுமே வருகின்றன. இதற்கிடையில், ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஓவர்டைம் நேரத்தைக் குறைத்து எழுதும்படி மேலதிகாரி சொல்கிறார். கல்லூரியில் இருந்த விசுவாசம் எங்கே போயிற்று என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வியாசர்பாடி

பதில்: அன்புள்ள தம்பி, ஓவர்டைம் கணக்கைக் குறைத்து எழுத உங்கள் மனம் கூசுகிறதே, அதுவே உங்கள் விசுவாசம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். விடுதியில் ஒரே வயதும், ஒரே வகுப்பு நேரமும், பக்கத்து அறையும் உங்களைத் தாமாகவே ஒன்றுகூட்டின. இனி அந்த வசதி கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, அதே போன்ற இன்னொரு குழுவைத் தேடி அலைவதை விட்டுவிடுங்கள்.

அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பவுல் கொரிந்துவுக்கு வந்தபோது, ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டு அங்கே வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியைக் கண்டு, தொழில் ஒன்றாக இருந்தபடியால் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு கூடாரம் செய்து பிழைத்தார். பின்னாளில் அந்தத் தம்பதியின் வீட்டிலேயே சபை கூடியதாக அவர் தம் நிருபங்களில் எழுதுகிறார். ஒரே தொழிலும் ஒரே கூரையுமாகத் தொடங்கிய பழக்கமே அங்கே ஐக்கியமாக வளர்ந்தது.

உங்கள் வயதில் ஆள் இல்லை என்கிறீர்கள். பெரம்பூர் ரயில்வே பணிமனையிலும், துறைமுகத்திலும், இன்று இல்லாமற்போன பின்னி ஆலையிலும் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் வடசென்னைச் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து கண்ணெரிச்சலோடு வந்தவன் எப்போது ஜெபித்தான், பண்டிகை நாளில் வேலை விழுந்தால் வீட்டில் என்ன செய்தார்கள், மேஸ்திரியோடு மனத்தாங்கல் வந்தபோது எப்படி நடந்துகொண்டான் என்பதையெல்லாம் அனுபவித்தே அறிந்தவர்கள் அவர்கள். இதை உங்கள் வகுப்புத் தோழர் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், அப்படிப்பட்ட ஒருவர் அருகில் போய் உட்கார்ந்து, "ஐயா, நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒத்த வயதினரின் துணையும் வேண்டும் என்றால், 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் பட்டதாரிகளுக்கென்றே இ.ஜி.எஃப். என்ற பிரிவு உண்டு. ஆனால் அது உங்கள் சபைக்கு மாற்றாகிவிடக் கூடாது.

ஓவர்டைம் விஷயத்தில் தெளிவாகச் சொல்கிறேன்: குறைத்து எழுதாதீர்கள். தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது சட்டம். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது, உங்கள் கையில் இருக்கும் அந்தப் பதிவேட்டைப் போன்ற ஒன்றைப் பற்றித்தான். வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி அடுப்பு எரியலாம். முதலில் மேலதிகாரியைத் தனியே சந்தித்து, "உள்ளபடி எழுதவே என்னால் முடியும், சார்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் யார் எத்தனை மணிக்கு வெளியேறினார்கள் என்பதை உங்கள் குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள்.

ஆனால் அவரிடம் பேசப் போவதற்கு முன்பே, சபையில் இரண்டு பேருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் உங்களுக்காக ஜெபிப்பவராகவும், மற்றவர் தொழிற்சங்க அனுபவமோ சட்ட அறிவோ உள்ளவராகவும் இருப்பது நல்லது. தனியாக நிற்கும் இளைஞன் இரண்டாவது மிரட்டலில் பணிந்துவிடுவதுண்டு. "என் படிப்புக்காக, வேலைக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டுப் பழகிய நாம், "நாளைக் காலை பத்து மணிக்கு இன்னாரிடம் இதைப் பேசப் போகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தொடங்கும்போதுதான், கேட்டவர் மறுநாள் மாலை வீடு தேடி வந்து "என்ன ஆயிற்று தம்பி?" என்று விசாரிக்கிறார். நீங்கள் ஏங்கும் ஐக்கியம் அந்த விசாரிப்பில் பிறக்கும்.

ஞாயிறு தவறுவதை ஆயரிடம் மறைக்க வேண்டாம். அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை வந்ததும் அவரிடம் காட்டி, அதிகாலை அல்லது மாலை ஆராதனை உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். உங்களுக்கு ஓய்வு விழும் வாரநாளில் அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது என்றும் அவரையே கேளுங்கள். எங்கும் இல்லையென்றால், உங்கள் வீட்டிலேயே பெற்றோரோடும் அந்தப் பெரியவரோடும் தொடங்கலாம். இரண்டு அல்லது மூன்று பேர் போதும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.