உரிந்த சுவரை ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: அமெரிக்காவில் மகனைப் பார்க்கப் போனபோது சார்ல்ஸ்டன் நகரில் ஏய்கன்-ரெட் மாளிகை அருங்காட்சியகத்துக்குப் போனோம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் சுவர்க் காகிதம் உரிந்து தொங்குகிறது, சாயம் உதிர்கிறது. பராமரிக்கவே மாட்டார்களா?

பதில்: நானும் அங்கே முதல் பத்து நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, பராமரிப்பு என்பதே அங்கே உரிந்த காகிதம் மேற்கொண்டு உரியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

1820 வாக்கில் ஒரு வணிகர் கட்டிய வீடு அது. பிறகு ஏய்கன் குடும்பத்துக்கு வந்தது. தென் கரோலினாவின் ஆளுநராக 1844 முதல் 1846 வரை இருந்த வில்லியம் ஏய்கன், ஐரோப்பாவிலிருந்து ஓவியங்களும் சிலைகளும் வாங்கி வந்து வீட்டை நிரப்பினார். அதற்கான பணத்தில் பெரும்பங்கு ஜெஹாசி தீவின் நெல் வயல்களில் விளைந்தது. அங்கே உழைத்தவர்கள் எழுநூறு பேர் அளவுக்கு இருந்த அடிமைகள்.

1975 வரை வீடு குடும்பத்தார் கையில் இருந்தது. 1995-ல் அதை வாங்கிய சார்ல்ஸ்டன் பாரம்பரிய அறக்கட்டளை, வீட்டைப் பழைய பளபளப்புக்குக் கொண்டுபோவதில்லை, கைக்கு வந்த நிலையிலேயே காப்பது என்று முடிவெடுத்தது. சரியான முடிவு என்பேன். ஆளுநர் காலத்துக்குத் திருப்புவதென்றால் அதற்குப் பின் அங்கே வாழ்ந்தவர்களின் தடயத்தையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, கொல்லைப்புறம் போனீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்றுதான் கேட்கிறேன். கீழே சமையல்கட்டும் சலவை அறையும், மாடியில் அடிமைகள் குடியிருந்த அறைகளும் உள்ள கட்டடம். எதிரே குதிரை லாயம். மாடி அறைகளில் அந்தக் காலத்துச் சாயமும் தரையும் இன்னும் இருக்கின்றன. ஆன் கிரெக்ஸ், டார்கஸ் ரிச்சர்ட்சன் என்று, அங்கே இருந்தவர்களில் சிலருடைய பெயர்களும் தெரியும். உள்நாட்டுப் போருக்கு முந்திய இத்தகைய வீடுகள் பலவற்றில் முன்கட்டைப் பளபளப்பாக்கிவிட்டுப் பின்கட்டை இடித்துவிட்டார்கள், அல்லது கார் ஷெட்டாகவோ விருந்தினர் அறையாகவோ மாற்றிவிட்டார்கள். வரவேற்பறையின் சரவிளக்கு மட்டும் மிஞ்சினால், அதைத் துடைத்த கைகள் எங்கே படுத்துத் தூங்கின என்று யாருக்குத் தெரியும்?

நான் அந்தக் குறுகிய மாடிப் படிகளில் ஏறி, கணப்பு உள்ள ஒரு சின்ன அறையில் வெகுநேரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பெரிய வீட்டின் பின்புறம் முழுதும் தெரிகிறது. மறுபடி போனால் அங்கிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.