காயில் நன்றாகத்தான் இருக்கிறது, வயரைப் பாருங்கள்

கேள்வி: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஊர். 400 நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கி ஐந்து நாள் ஆகிறது. ஓலைக் கொட்டகை, 1000 வாட் காயில் ஹீட்டர். ராத்திரியில் குஞ்சுகள் ஹீட்டர் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிகின்றன, காலையில் நாலைந்து நசுங்கிக் கிடக்கின்றன. ஹீட்டர் ஓடும்போது வீட்டு மெயினில் 215 வோல்ட், கொட்டகையில் 185 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 3.5 ஆம்பியர். வீட்டிலிருந்து கொட்டகை 100 மீட்டர். 1 ஸ்கொயர் (1 சதுர மி.மீ. கனம்) காப்பர் வயர், நடுவில் மூன்று ஜாயின்ட். காயில் வீக்காகிவிட்டது, 1500 வாட் போடுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அளவெல்லாம் எடுத்து அனுப்பியதால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமாகிவிட்டது.

முதலில் காயில். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அதன் மின்தடை, அதாவது ஓம், கிடைக்கும். 185-ஐ 3.5-ஆல் வகுத்தால் 52.9 ஓம். புதுக் காயிலுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால், 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். அதுவும் 52.9 ஓம்தான். ஆகவே காயிலில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் சூடு ஏன் போதவில்லை? வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 185 × 3.5 = 647 வாட். ஆயிரம் வாட் ஹீட்டர் என்று நினைத்துக்கொண்டு 647 வாட்டில் குஞ்சு வளர்க்கிறீர்கள். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு வாட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறையும், அதனால் அடி இரட்டிப்பாக விழுகிறது.

வேலூர் என்றாலே எல்லாரும் வெயிலைத்தான் சொல்வார்கள். ஆனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர் நாளில் குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்தால் 400 குஞ்சுக்கு 800 வாட் வேண்டும். முதல் வாரம் புரூடருக்குள், அதாவது ஹீட்டரைச் சுற்றிக் குஞ்சு விடும் தடுப்பு வளையத்துக்குள், 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். உங்கள் குஞ்சுகள் குவிவது இந்தக் குறையால்தான்.

இனி நடுவில் காணாமல் போன 30 வோல்ட்டுக்கு வருவோம். 30-ஐ 3.5-ஆல் வகுத்தால் 8.6 ஓம். 1 ஸ்கொயர் காப்பர் வயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். போக 100, வர 100, ஆக 200 மீட்டருக்கு 3.6 ஓம்தான் வர வேண்டும். மீதி 5 ஓம் எங்கே? அந்த மூன்று ஜாயின்ட்டில்தான் பார்க்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள், மழையில் பச்சை பிடித்து லூசாகியிருக்கும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினால் அங்கே எரியும் வாட் தெரியும்: 3.5 × 3.5 × 5 = 61 வாட். டேப்புக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு ராத்திரி முழுக்க எரிகிற மாதிரி. மேலே ஓலை, கீழே உமி. குஞ்சு சாவதைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

இதே வயரில் 1500 வாட் காயில் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அதன் தடை 35.3 ஓம். வயரோடு சேர்த்து 43.9 ஓம், கரண்ட் 4.9 ஆம்பியர். காயிலுக்குக் கிடைப்பது 850 வாட் அளவு. குஞ்சுகள் பிழைத்துவிடும், 'பார்த்தீர்களா' என்பார் எலக்ட்ரீஷியன். ஆனால் ஜாயின்ட்டில் 61 வாட் இருந்தது 120 ஆகிவிடும்!

செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே மெயினை ஆஃப் செய்து மூன்று ஜாயின்ட்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். கறுத்த வயரை வெட்டிவிட்டு நல்ல செம்பு தெரிய, கனெக்டரில் இறுக்கிப் பூட்டட்டும். கையோடு பிளக், சாக்கெட் முனைகளையும் பார்க்கட்டும். காசு புரளும்போது 2.5 ஸ்கொயர் வயரை ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக இழுத்துவிடுங்கள். அதற்கு 200 மீட்டருக்கு 1.5 ஓம்தான். அப்போது கொட்டகையில் 209 வோல்ட், கரண்ட் 4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். இருக்கிற காயிலே 825 வாட் கொடுக்கும், 400 குஞ்சுக்கு அது போதும்.

இந்தக் கணக்கை போர் மோட்டாருக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். வோல்ட் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அதனால்தான் காயில் கருகுகிறது. குண்டு பல்பிலும் மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்த்தால் ஏமாற்றும், அணைந்திருக்கும்போது ஒன்று, எரியும்போது பல மடங்கு. ஹீட்டர் காயில் அப்படி அதிகம் மாறாது.

இன்னொன்று, 400 குஞ்சை ஒரே வளையத்தில் விடுவது அதிகம். இரண்டாகப் பிரித்து வளையத்துக்கு ஒரு 500 வாட் காயில் வைத்தால் குவிந்து நசுங்குவது நிறையக் குறையும். வயர் சரியான பிறகும் எல்லாம் ஒரே ஓரமாக ஒதுங்கினால் அதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வருகிறது என்று அர்த்தம், காற்று வரும் அந்தப் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள். ஹீட்டரை விட்டு விலகி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டுங்கள்.