கொழும்பில் இரண்டு நாள், தோட்டத்தில் அரை நாள்: பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "புறக்கோட்டையில் கடையில் வேலை செய்தபோது வாங்கிய போன் இது. 5000 எம்ஏஎச் பேட்டரி, ஒன்றரை வருடமாகிறது. அங்கே ஒருதரம் சார்ஜ் போட்டால் இரண்டு நாள் வரும். இப்போது ஊருக்கு வந்துவிட்டேன், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை. காலையில் நூறு வீதத்தோடு பெரட்டுக்குப் போனால் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது 30தான் நிற்கிறது. இத்தனைக்கும் வேலை நேரத்தில் வீடியோ ஒன்றும் பார்ப்பதில்லை. டவுனில் காட்டினேன், பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். மாற்றவா அண்ணா?"

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஒன்றரை வருடத்தில் பேட்டரி கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும், ஆனால் எவ்வளவு தேயும்? 2025 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற போன்களின் பேட்டரி 800 தடவை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 வீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்களுடையது அந்தத் தரம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம், 70க்கு இறங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு நாள் வந்தது ஒன்றரை நாளாகத்தான் குறையும், அரை நாளாகக் குறையாது. அதுவும் பஸ் ஏறி ஊர் வந்து இறங்கிய வாரத்திலேயே குறையாது. மாறியது பேட்டரி இல்லை, இடம்.

டவருக்குப் பக்கத்தில் இருக்கிற போன் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த சக்தியில் பேசிவிட்டுப் போய்விடும். அதே போன் 4ஜியில் தூரத்து டவரைப் பிடிக்க 200 மில்லிவாட் வரை கத்த வேண்டும், அந்தக் கத்தலுக்காக உள்ளே செலவாகிற கரண்ட் அதைவிடப் பல மடங்கு. புறக்கோட்டையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டவர். நம் ஊரில் நடுவில் ஒரு மலை நின்றால் போதும், அந்தப் பக்கத்து டவர் இந்தப் பக்கத்துப் பள்ளத்துக்கு இல்லாத மாதிரிதான். போதாததற்கு லயத்துக்குத் தகரக் கூரை, தகரம் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். போன் சட்டைப் பையில் சும்மா கிடப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அது அங்கே டவரைத் தேடித் தேடி விடுவதும் பிடிப்பதுமாக இருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் போய் சிம் நிலையைத் திறந்தால் பெரும்பாலான அண்ட்ராய்டு போன்களில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில், மைனஸ் போட்டு வரும். 4ஜியில் மைனஸ் 85, 90 என்றால் அருமை. மைனஸ் 110க்கு அப்பால் போனால் போன் கஷ்டப்படுகிறது, 120 என்றால் தொங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் உள்ளறை அலமாரியில் வைத்தால் 117 காட்டும், அதையே வாசல் ஜன்னல் கட்டையில் வைத்தால் 98. பத்தடி தூரம்தான். அன்றிலிருந்து போனுக்கு அந்த ஜன்னல் கட்டைதான் வீடு.

சரி, இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். படுக்கப் போகும்போது எத்தனை வீதம் என்று பார்த்துவிட்டு ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், வைஃபையும் நிற்கட்டும், காலையில் பாருங்கள். இரண்டு, மூன்று வீதம் குறைந்திருந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. அடுத்த இரவு அதே இடத்தில் சும்மா வைத்துப் பாருங்கள். 15, 20 குறைந்தால் திருடன் சிக்னல்தான், வேறு யாரும் இல்லை. ஃப்ளைட் மோடிலேயே பத்துக்கு மேல் குறைகிறது என்றால் மட்டும் ஏதோ ஓர் ஆப்பையோ பேட்டரியையோ சந்தேகப்படலாம்.

அப்புறம், கொழும்பில் பாவித்த இரண்டாவது சிம் இன்னும் உள்ளே கிடக்கிறதா? கிடந்தால், அந்தக் கம்பனிக்கு உங்கள் தோட்டத்தில் சிக்னலும் இல்லையென்றால், அதை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். கிடைக்காத டவரை நாள் முழுக்கத் தேடுகிற சிம்மைப் போலச் சார்ஜ் தின்கிறது வேறொன்றும் இல்லை. 5ஜி போன் என்றால் 4ஜிக்கு இறக்கி வையுங்கள். மலையில் நிற்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், கோல் எப்படியும் வரும். எந்தக் கோலும் வராத பள்ளத்து மலை என்று தெரிந்தால் கூச்சப்படாமல் ஃப்ளைட் மோடில் போடுங்கள், எப்படியும் உங்களை யாராலும் பிடிக்க முடியாது.

ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மூடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூடியதைத் திரும்பத் திறக்கத்தான் கூடச் செலவு. கறுப்புத் திரை அமோலெட் போனில்தான் மிச்சப்படுத்தும், எல்சிடியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் 15 வீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று அணைந்துவிடும். குளிரில் பேட்டரிக்குள் தடை கூடி வோல்டேஜ் விழுவதுதான் காரணம், சூடானால் சரியாகிவிடும். உள்சட்டைப் பையில் வைத்தாலே போதும். அதற்காக அடுப்புக்கட்டுக்கு மேலே கொண்டுபோய் வைக்காதீர்கள்! குளிரில் போனது திரும்பி வரும், சூட்டில் போனது வராது. அடுப்புப் பக்கத்து பிளக்கில் சார்ஜ் போடுவதும், தலையணைக்கு அடியில் வைத்து விடிய விடிய ஏற்றுவதும் அதே கதைதான். 80 வீதத்தில் நிறுத்துகிற வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டு வையுங்கள், முழுதாக நிரம்பிய நிலையிலேயே மணிக்கணக்காகக் கிடப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், இது போனுக்காக.

போனின் பின்மூடி லேசாகத் தூக்கினாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி ஊதியிருக்கிறது. அப்போது சோதனையெல்லாம் வேண்டாம், சார்ஜே போடாமல் நேரே கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே உங்கள் பழைய பேட்டரி அளவிலேயே ஒன்றை எடுத்து வைத்து, மேலே 7000 என்று அச்சடித்திருக்கிறது பாருங்கள் என்பார்கள். அதே அளவுப் பெட்டிக்குள் திடீரென்று 2000 கூடுதலாக அடைக்க முடியாது தம்பி, 5000 என்று உண்மையாகப் போட்டிருக்கிறதையே கேளுங்கள்.